முன் ஃபோர்க்கை வீட்டிலேயே மேம்படுத்துவது எப்படி: இன்டர்செப்டர் 650 வண்டியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டியின் முன்பக்கம் சரியில்லை என்று சொல்பவரிடம், நீங்கள் ஏறி அமர்ந்தால் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கால்கள், எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதில்லை. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு கீழே குத்துகிறது, பள்ளத்தில் விழுந்தால் மணிக்கட்டில் அடிக்கிறது என்ற புகார்கள் உண்மையானவைதான். ஆனால் அளவு தெரியாமல் வாங்கும் எந்த உதிரிபாகமும் அந்தப் புகார்களைத் தீர்க்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் அளவு டேப்பை எடுக்கச் சொல்லப் போகிறேன். பொறுமையற்றவர்களுக்கு இது எரிச்சலைத் தரலாம்.

எடுத்துக்காட்டாக ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வண்டியைக் கொள்கிறேன். சென்னையை ஒட்டிய தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் இந்த வண்டி 2018 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இதன் முன் ஃபோர்க் 41 மி.மீ. விட்டமும் 110 மி.மீ. அசைவும் கொண்டது, வெளியிலிருந்து திருகி மாற்றும் அமைப்பு எதுவும் அதில் இல்லை. உள்ளே இருப்பது மிகப் பழைய, மிக எளிய டாம்பர் ராட் அமைப்பு. அதனால்தான் வீட்டில் செய்து பழகுவதற்கு இது ஏற்ற வண்டி. இதே வகை ஃபோர்க் உள்ள வேறு வண்டிகளுக்கும் முறை ஒன்றே. அளவுகளும் போல்ட்டுகளை இறுக்கும் டார்க் மதிப்புகளும் மட்டும் அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அந்த மேனுவல் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

உள்ளே நடப்பது என்ன

நீர்ம அதிர்வடக்கியுடன் கூடிய டெலஸ்கோபிக் ஃபோர்க்கை 1935ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் ஆர்12 வண்டியில் பொருத்தி விற்றது. அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை. ஹேண்டிலுடன் சேர்ந்து திரும்பும் மேல், கீழ்க் கிளாம்புகளில் பிடிக்கப்பட்டிருக்கும் பளபளப்பான உருக்குக் குழாயை நம் பட்டறைகளில் ஃபோர்க் பைப் என்பார்கள். அதன்மேல் ஏறி இறங்கும் அலுமினிய உறை பாட்டம் கேஸ். பைப்புக்குள் நீண்ட ஸ்பிரிங்கும், பாட்டம் கேஸின் அடியில் ஒரு போல்ட்டால் பிடிக்கப்பட்ட டாம்பர் ராட் என்ற துளையிட்ட குழலும், அளந்து ஊற்றிய ஆயிலும், அதற்கு மேல் கொஞ்சம் காற்றும் இருக்கின்றன. இந்த நான்கில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றின் வேலையும் மாறும்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஆயிலின் வேலை. சக்கரம் மேலே ஏறும்போது டாம்பர் ராடின் அடிப்பகுதியிலுள்ள துளைகள் வழியாக ஆயில் பிதுங்கிச் செல்கிறது. சக்கரம் கீழே இறங்கும்போது ராடின் மேற்பகுதியிலுள்ள சிறு துளை அந்த வேலையைச் செய்கிறது. இங்குதான் இந்த அமைப்பின் பிறவிக் குறை உள்ளது. நிலையான துளை ஒன்றின் வழியாக ஆயிலைத் தள்ளும்போது எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது ஃபோர்க் இரண்டு மடங்கு வேகமாக அமிழ்ந்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாகத்தான் அமிழ்கிறது. அப்போது போதிய எதிர்ப்பு இல்லாததால் மூக்கு குத்துகிறது. கூர்மையான விளிம்புள்ள பள்ளத்திலோ ஃபோர்க் மிக வேகமாக அமிழ முயல்கிறது. அப்போது எதிர்ப்பு மிகையாகி, ஆயில் அந்தச் சின்னத் துளையில் புக முடியாமல் திணறி, அடி அப்படியே கைக்கு வருகிறது. ஒரே ஃபோர்க் ஓரிடத்தில் மிகவும் தளர்வாகவும் இன்னோரிடத்தில் மிகவும் இறுக்கமாகவும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இதைப் புரிந்துகொண்டவர், கெட்டியான ஆயிலை ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப மாட்டார். கெட்டியான ஆயில் மூக்கு குத்துவதைச் சற்றுக் குறைக்கும். அதே அளவுக்குப் பள்ளத்தின் அடியைக் கூட்டும்.

முதலில் டேப்

அளப்பதற்கு முன் மூன்று விஷயங்களை ஒதுக்கிவிட வேண்டும். டயரின் காற்றழுத்தம் மேனுவல் சொல்லும் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் காற்றடித்த டயரைச் சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் பலர். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் சிக்குவதுபோல் நின்றால், கெட்டது ஹேண்டில் பேரிங், ஃபோர்க் அல்ல. ஃபோர்க்கின் அடியை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி அமிழ்வை அளக்கலாம். பைப் வெளியே தெரியும் நீளத்தை, அதாவது பாட்டம் கேஸின் வாயில் தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீலின் மேல்விளிம்பிலிருந்து கீழ்க் கிளாம்பின் அடிவிளிம்பு வரை, அளக்க வேண்டும். ரப்பர் உறை இருந்தால் மேலே தள்ளிக்கொள்ளுங்கள். சக்கரம் தரையில் படாமல் தூக்கி, ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையில் ஓர் அளவு எடுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட், காலணி உட்பட வழக்கமாக ஓட்டும் கோலத்தில் ஏறி அமருங்கள். ஒருவர் பின்னால் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் முன்பக்கத்தை அழுத்தி, அது தானாக மெல்ல எழும்பி நிற்கும்போது இரண்டாவது அளவை எடுக்க வேண்டும். அடுத்து முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, அது மெல்ல இறங்கி நிற்கும்போது மூன்றாவது அளவு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்காது. ஆயிலைத் தடுக்கும் சீலும், பைப் வழுக்கி ஓட உதவும் வளையமான புஷ்ஷும் தரும் உராய்வே அந்த வேறுபாடு. இவ்விரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பதே நீங்கள் அமர்ந்த நிலையின் அமிழ்வு.

முழு நீளம் 150 மி.மீ., அழுத்திவிட்டபின் 108, தூக்கிவிட்டபின் 116 என்று வந்ததாகக் கொள்வோம். சராசரி 112; அமிழ்வு 38 மி.மீ. மொத்த அசைவான 110 மி.மீட்டரில் இது கிட்டத்தட்ட 35 விழுக்காடு. சாலையில் ஓடும் வண்டிக்கு மொத்த அசைவில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை, அதாவது இந்த வண்டிக்கு 28 முதல் 36 மி.மீ. வரை அமிழ்வது பொருத்தமானது, 33 மி.மீ. என்பது நல்ல இலக்கு. ஆகவே நம் எடுத்துக்காட்டில் முன்பக்கம் சற்றுக் கூடுதலாகவே அமிழ்கிறது. உராய்வு வேறுபாடு 8 மி.மீ.; இது 10ஐத் தாண்டினால் சீலோ புஷ்ஷோ அச்சின் சீரமைப்போ சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

யாரும் ஏறாமல், வண்டியின் சொந்த எடையில் எவ்வளவு அமிழ்கிறது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்ததா விறைப்பானதா என்று சொல்வது இதுதான். நீங்கள் அமர்ந்த நிலையின் அமிழ்வு சரியாக வந்து, வெறும் வண்டியாக நிற்கும்போது ஃபோர்க் ஏறக்குறைய அமிழவே இல்லை என்றால், தளர்ந்த ஸ்பிரிங்கை முன்னழுத்தத்தால், அதாவது பூட்டும்போதே ஸ்பிரிங்கை அழுத்திவைப்பதால், வலிந்து தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். வெறும் வண்டியே மிகவும் அமிழ்ந்து, நீங்கள் ஏறியபின் சொற்பமே கூடினால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மிக விறைப்பானது.

எதை வாங்குவது

ப்ரீலோடு எனப்படும் முன்னழுத்தத்தைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்ற நம்பிக்கை மெக்கானிக்குகளிடையேகூடப் பரவலாக உள்ளது. அது தவறு. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு மில்லிமீட்டர் அமிழ 0.9 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் இருந்தால், இரண்டும் சேர்ந்து 1.8 கிலோவைத் தாங்கும். முன்பக்கம் கூடுதலாக 10 கிலோ ஏறினால் அது ஏறக்குறைய 5.6 மி.மீ. அமிழும். ஸ்பிரிங்கின் மேல் அமரும் குழாய்த் துண்டான ஸ்பேசரை 10 மி.மீ. நீளமாக்கினாலும், வண்டி 10 மி.மீ. கூடுதல் உயரத்தில் நிற்குமே தவிர, அடுத்த 10 கிலோவுக்கு அமிழ்வது அதே 5.6 மி.மீ. தான். 1.0 கிலோ ஸ்பிரிங் மாற்றினால் மட்டுமே அது 5 மி.மீ. ஆகக் குறையும். முன்னழுத்தம் உயரத்தை மாற்றுகிறது. ஸ்பிரிங் விறைப்பை மாற்றுகிறது.

எனவே மேம்பாட்டைப் படிகளாகச் செய்யலாம். முதற்படி, புது ஆயிலும் சரியான முன்னழுத்தமும். சில ஆண்டுகள் ஓடிய வண்டிக்கு இது ஒன்றே பெரிய மாற்றத்தைத் தரும். பழைய ஆயில் சாம்பல் நிறச் சேறாக வடிவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும். இரண்டாம் படி, எடைக்கேற்ற ஸ்பிரிங். சுருள்களின் இடைவெளி சீராக உள்ள நேர்கோட்டு ஸ்பிரிங்கும், ஒருமுனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றிய ஏறுமுக ஸ்பிரிங்கும் கிடைக்கின்றன. ஏறுமுக ஸ்பிரிங் முதலில் மென்மையாகவும் பிறகு விறைப்பாகவும் இருப்பதால், சில நேரம் தனியாகவும் சில நேரம் பின்னிருக்கையில் ஒருவரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டும் செல்பவருக்கு வசதியானது. எப்போதும் தனியாக ஓட்டுபவருக்கு என் தேர்வு நேர்கோட்டு ஸ்பிரிங்தான். அதன் நடத்தையை முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

மூன்றாம் படிதான் உண்மையில் பணத்துக்கு மதிப்புள்ளது என்பது என் கருத்து: எமுலேட்டர் வால்வு. ரேஸ் டெக் நிறுவனத்தின் கோல்டு வால்வ் எமுலேட்டர் இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. டாம்பர் ராடின் தலையில் இது அமர்கிறது. மேலிருந்து முதன்மை ஸ்பிரிங் இதை அழுத்திப் பிடிக்கிறது. மெதுவான அசைவில் சிறு துளை வழியே மட்டும் ஆயிலை விடும் இந்த வால்வு, வேகமான அடி விழும்போது தன் சிறு ஸ்பிரிங்கை எதிர்த்துத் திறந்து ஆயிலுக்கு வழிவிடுகிறது. முன்பு சொன்ன இருமடிச் சிக்கல் இதனால் பெருமளவு தீர்கிறது. நான்காம் படி, டாம்பர் ராடையே அகற்றிவிட்டு, தனக்கென வால்வுகள் கொண்ட முழு அலகான கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது; இத்தாலியின் ஆன்ட்ரியானி போன்ற நிறுவனங்கள் இந்த வண்டிக்கென்றே தயாரிக்கின்றன. பந்தயத் தடத்துக்குச் செல்லாதவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

வேறொரு வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கைக் கொண்டுவந்து மாட்டும் ஆசை பலருக்கு உண்டு. கிளாம்பின் அகலம், ஹேண்டில் திரும்பும் தண்டான ஸ்டெம்மின் அளவு, ஃபோர்க்கின் நீளம், அச்சு, பிரேக் என எல்லாமே மாறும். ஹேண்டிலின் கோணம் மாறி வண்டி நிலைதடுமாறவும் கூடும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். வீட்டு வாசலில் செய்யும் வேலை அதுவல்ல.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டப்பாவில் 10டபிள்யூ என்று அச்சிட்டிருப்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவன்று. ஒருவரின் 10 இன்னொருவரின் 7.5 ஆக இருக்கலாம். 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக் என்று தரவுத்தாளில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். மிச்சமிருந்த என்ஜின் ஆயிலை ஃபோர்க்கில் ஊற்றும் வழக்கமும் சில இடங்களில் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங், ஆயிலுடன் இரண்டு ஆயில் சீல், இரண்டு டஸ்ட் சீல், அடிப்போல்ட்டுக்கான இரண்டு காப்பர் வாஷர், பைப்பின் மேல்மூடியான டாப் கேப்புக்கான ஓ-ரிங் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கருவிகளில் டார்க் ரெஞ்ச், நல்ல தரமான ஆலன் கீ சாக்கெட்டுகள், அளவுக்கோடிட்ட குவளை, மருந்துக் கடையில் கிடைக்கும் 60 மி.லி. சிரிஞ்சும் அதற்கேற்ற மெல்லிய குழாயும் வேண்டும்.

கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினுக்குக் கீழே சட்டத்தைத் தாங்கும்படி மரக்கட்டை வைத்து ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்குங்கள். சைலன்சர் குழாய்களின் மீதோ ஆயில் ஃபில்டரின் மீதோ பாரம் விழக்கூடாது. கூடவே, மேலே உறுதியான உத்திரம் இருந்தால் ஒரு பட்டையால் ஸ்டெம் பகுதியைக் கட்டித் தொங்கவிடுவது நல்லது. ஃபோர்க் இல்லாத வண்டி சாய்ந்தால் தடுத்துப் பிடிக்க ஒருவரால் ஆகாது.

தூக்குவதற்கு முன், சக்கரம் இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே அச்சு நட்டையும், பாட்டம் கேஸில் அச்சை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்புப் போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்திவிடுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றி, கம்பியால் சட்டத்தில் தொங்கவிட வேண்டும். ஹோஸில் அதன் எடை தொங்கக்கூடாது. பேடுகளுக்கிடையே மெல்லிய மரத்துண்டைச் செருகி, வேலை முடியும்வரை முன் பிரேக் நெம்பை யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் பிஸ்டன் வெளியே வந்து இன்னொரு வேலை சேரும். ஏ.பி.எஸ். சென்சரையும் அதன் ஒயரையும் கழற்றி ஒதுக்கிவையுங்கள். பிறகு சக்கரத்தையும் மட்கார்டையும் எடுத்துவிடலாம்.

இப்போது இரண்டு சிறிய விஷயங்கள் பிற்பாடு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். முதலாவது, பைப்பின் மேல்முனை மேல் கிளாம்புக்கு மேல் எவ்வளவு நீண்டிருக்கிறது, அல்லது எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் மாறினாலே ஹேண்டிலின் குணம் மாறும். இரண்டாவது, மேல் கிளாம்பின் போல்ட்டை மட்டும் தளர்த்தி, கீழ்க் கிளாம்ப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே டாப் கேப்பைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஃபோர்க்கை வெளியே எடுத்தபின் அதைப் பிடித்துத் திருக வழியே இருக்காது. மேல் கிளாம்பைத் தளர்த்தாமல் கேப்பைத் திருகினால், இறுக்கிப் பிடிக்கப்பட்ட மரை கெடும். அதேபோல், அடியிலுள்ள டாம்பர் போல்ட்டையும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே தளர்த்திவிடுவது நல்லது. ஸ்பிரிங்கின் அழுத்தம் ராடைச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் இரண்டே நொடி வேலை.

பிறகு கீழ்க் கிளாம்பையும் தளர்த்தி, பைப்பை மெல்லச் சுழற்றியவாறே கீழே இழுத்து எடுக்கலாம். இடது, வலது என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள்.

பிரித்தலும் சீல் மாற்றுதலும்

டாப் கேப்பை முழுவதும் கழற்றும்போது அதன் அடியில் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். முகத்தை அதற்கு நேரே வைக்காமல், உள்ளங்கையில் கந்தையை வைத்துக் கேப்பை அழுத்தியபடியே கடைசி மரைகளைத் திருக வேண்டும். நான் முதன்முறை இதைச் செய்தபோது அழுத்தாமல் திருகி, கேப் கார் நிறுத்துமிடத்தின் கூரையில் மோதி ஒரு வடுவை விட்டுச் சென்றது. அந்த வடு இன்றும் இருக்கிறது.

ஸ்பேசர், வாஷர், ஸ்பிரிங் ஆகியவற்றை வெளிவரும் வரிசையிலேயே தரையில் அடுக்குங்கள். ஸ்பிரிங்கின் நெருக்கமான சுருள் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஃபோர்க்கைக் கவிழ்த்துப் பழைய ஆயிலை வடித்து, பலமுறை மேலும் கீழும் இழுத்து மிச்சத்தையும் வெளியேற்றி, அதை ஒரு டப்பாவில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கழிவுநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள்.

டஸ்ட் சீலை அகலமான தட்டை ஸ்க்ரூடிரைவரால், பைப்பில் கீறல் விழாமல் நெம்பி எடுத்து, அதன் கீழுள்ள கம்பிக் கிளிப்பையும் எடுங்கள். அடிப்போல்ட்டைக் கழற்றியபின், பைப்பை ஒரு கையிலும் பாட்டம் கேஸை மறுகையிலும் பிடித்து, சுத்தியலால் அடிப்பதுபோல் சிலமுறை வெளியே இழுத்தால், புஷ்ஷே சீலைத் தட்டி வெளியே கொண்டுவரும்.

பைப்பைத் துடைத்து, விரல் நகத்தால் நீளமாகத் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் துருக்குழி சீல் ஓடும் பகுதியில் இருந்தால் எந்தப் புதுச் சீலும் அதிகநாள் நிற்காது. பைப்பை மாற்ற வேண்டியதுதான். ஒரு கண்ணாடிப் பரப்பில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். பல மேனுவல்கள் 0.2 மி.மீட்டருக்கு மேற்பட்ட வளைவை ஏற்பதில்லை. புஷ்ஷின் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள்.

எமுலேட்டர் போடுபவர்கள் இந்தக் கட்டத்தில் டாம்பர் ராடை லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆயிலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இனி வால்வுக்கு வருவதால், ராடின் அடியிலுள்ள அழுத்தத் துளைகள் இனி தடையாக இருக்கக்கூடாது. பொதுவாக 8 மி.மீ. விட்டத்தில் ஆறு துளைகள் இடப்படுகின்றன. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எண்ணிக்கையையே பின்பற்றுங்கள். எதிரெதிரான இணைகளாக, ஒவ்வொரு இணையும் முந்தையதற்கு 90 டிகிரி திரும்பியும் உயரத்தில் விலகியும் இருந்தால் ராட் பலமிழக்காது. துளையின் விளிம்பிலுள்ள பிசிறுகளை உள்ளும் புறமும் அரம் போட்டு நீக்குங்கள். மேலேயுள்ள சிறு துளையை மட்டும் தொடவே கூடாது. திரும்பி வரும் அசைவைக் கட்டுப்படுத்துவது அதுதான். எமுலேட்டருடன் சற்றுக் கெட்டியான, பெரும்பாலும் 15டபிள்யூ ஆயில் பரிந்துரைக்கப்படுவதும் இதனால்தான்: வால்வு அமிழ்வைப் பார்த்துக்கொள்கிறது, ஆயிலின் கெட்டித்தன்மை எழும்புவதைப் பார்த்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி, ரப்பர் பாகங்களை அதில் ஊறவிடாமல் வையுங்கள். ராடை உள்ளே வைத்து, பைப்பைப் பாட்டம் கேஸுக்குள் இறக்கி, புதுக் காப்பர் வாஷருடன் அடிப்போல்ட்டை நடுத்தர மரைப்பசையிட்டு மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். ராட் சுழன்றால் ஸ்பிரிங்கைத் தற்காலிகமாகப் போட்டு அழுத்திப் பிடிக்கலாம். பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டால், மறுநாள் காலை தரையில் ஆயில் வட்டத்தைப் பார்த்து அதே வேலையை முதலிலிருந்து செய்ய நேரிடும்.

புதுச் சீலை ஏற்றும் முன் பைப்பின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன்மேல் ஃபோர்க் ஆயில் தடவுங்கள். கூர்மையான விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்காமல் இது காக்கும். சீலில் வளையக் கம்பி தெரியும் பக்கம் ஆயிலை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். சீல் டிரைவர் இல்லையென்றால், பைப்பின்மேல் நழுவி ஓடும் அளவுள்ள பி.வி.சி. குழாயை வெட்டி, பழைய சீலை மேலே வைத்து அதன்மீது சீராகத் தட்டலாம். கிளிப் அமரும் பள்ளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்வரை தட்ட வேண்டும். பிறகு கிளிப், டஸ்ட் சீல்.

ஆயில், காற்று, ஸ்பேசர்

மேனுவல் ஆயிலை மில்லிலிட்டரில் சொல்லும். ஆனால் உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் ஒட்டியிருக்கலாம், ஸ்பிரிங்கின் பருமனும் மாறியிருக்கலாம். ஆகவே உண்மையில் நம்ப வேண்டியது ஏர் கேப் எனப்படும் காற்று இடைவெளியை. ஸ்பிரிங் இல்லாமல், பைப் முழுவதும் உள்ளே அமிழ்ந்த நிலையில், பைப்பின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரையுள்ள தூரம் அது.

முதலில் மேனுவல் சொல்லும் அளவில் முக்கால் பங்கை ஊற்றி, பைப்பைப் பத்துப் பதினைந்து முறை மெல்ல மேலும் கீழும் இயக்குங்கள். முதலில் வெறுமையாகச் செல்லும் பைப், காற்றுக் குமிழிகள் வெளியேறியபின் சீரான எதிர்ப்பைத் தரத் தொடங்கும். பதினைந்து நிமிடம் செங்குத்தாக நிறுத்திவையுங்கள். பிறகு பைப்பை முழுவதும் அமிழ்த்தி, தேவைக்குச் சற்றுக் கூடுதலாக ஆயில் ஊற்றுங்கள். சிரிஞ்சின் குழாயில், நுனியிலிருந்து இலக்கு இடைவெளியின் தூரத்தில் ஒரு கம்பியைக் குறுக்காகக் கட்டி, அந்தக் கம்பி பைப்பின் வாயில் அமரும்படி குழாயை இறக்கி உறிஞ்சினால், மிகையான ஆயில் வெளியேறி, குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கும் இடத்தில் மட்டம் சரியாக நிற்கும். இரு கால்களிலும் இந்த அளவு ஒன்றாக இருப்பது, அந்த அளவு எத்தனை என்பதைவிட முக்கியமானது.

இந்தக் காற்று வெறும் வெற்றிடமன்று. அது இன்னொரு ஸ்பிரிங். 41 மி.மீ. பைப்பின் உள்விட்டத்தை 37 மி.மீ. என்று கொண்டால், 130 மி.மீ. இடைவெளியில் ஏறக்குறைய 140 மி.லி. காற்று இருக்கும். ஃபோர்க் முழுவதும் நீளும்போது அதன் இடம் சுமார் 145 மி.லி. கூடுகிறது. ஆக, முழுவதும் அமிழும்போது காற்று பாதியாகச் சுருங்கி, அழுத்தம் இரு மடங்காகிறது. இடைவெளியைக் குறைத்தால் இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தாகும். அசைவின் தொடக்கத்தில் இதன் விளைவு மிகக் குறைவு. கடைசி மூன்றிலொரு பங்கில்தான் கைக்குத் தெரியும். வேகத்தடையில் ஃபோர்க் அடியோடு இடித்தால், ஸ்பிரிங்கை மாற்றும் முன் ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்திப் பார்ப்பது இதனால்தான். எல்லை மீறி உயர்த்தினால் அழுத்தம் சீலைப் பிதுக்கிவிடும்.

எமுலேட்டர் போடுபவர் அதை வால்வு மேல்நோக்கியிருக்க ராடின் தலையில் நேராக அமரும்படி இறக்கிவிட்டு, ஸ்பிரிங்கைப் போட வேண்டும். அடுத்தது ஸ்பேசர். எமுலேட்டரின் தடிமனும் புது ஸ்பிரிங்கின் நீளமும் பழையதிலிருந்து வேறுபடும் என்பதால், பழைய ஸ்பேசரை அப்படியே போட முடியாது. எளிய வழி இது: ஃபோர்க்கை முழுவதும் நீட்டிவைத்து, ஸ்பிரிங், வாஷர், ஸ்பேசர் ஆகியவற்றை உள்ளே விட்டு, அதன்மேல் டாப் கேப்பை அழுத்தாமல் வையுங்கள். கேப்பின் விளிம்புக்கும் பைப்பின் வாய்க்கும் இடையே தெரியும் இடைவெளியே முன்னழுத்தம். நேர்கோட்டு ஸ்பிரிங்குக்கு 15 முதல் 20 மி.மீ. நல்ல தொடக்கம். கனமான பி.வி.சி. குழாயில் ஸ்பேசரை வெட்டலாம். வெட்டுமுனை கோணலாக இல்லாமல் செங்குத்தாக இருப்பதும், இருபுறமும் வாஷர் இருப்பதும் கட்டாயம்.

திரும்பப் பூட்டுதல்

கேப்புக்குப் புது ஓ-ரிங் போட்டு, மரை கோணலாக ஏறாமல் கையால் தொடங்கி, பைப்பைக் கிளாம்பில் ஏற்றிக் கீழ்ப் போல்ட்டை இறுக்கியபின் கேப்பை முழு டார்க்கில் இறுக்குங்கள். குறித்துவைத்த உயரத்தில் இரு பைப்புகளும் நிற்கின்றனவா என்று சரிபார்த்து, மேல் கிளாம்பையும் இறுக்குங்கள்.

சக்கரத்தையும் அச்சையும் மாட்டியபின், அச்சு நட்டை இறுக்குங்கள். ஆனால் பாட்டம் கேஸின் பிடிப்புப் போல்ட்டை மட்டும் இறுக்காதீர்கள். காலிப்பரை மாட்டி, நெம்பைப் பலமுறை அழுத்திப் பேடுகள் வட்டில் அமர்ந்ததை உறுதிசெய்து, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை ஏழெட்டு முறை அழுத்திவிடுங்கள். இரு கால்களும் தமக்குள் இணையான நிலையைத் தாமே கண்டுகொள்ளும். அதன்பிறகே பிடிப்புப் போல்ட்டை இறுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் விலையுயர்ந்த ஸ்பிரிங்கும் வால்வும் இருந்தும் ஃபோர்க் சிக்கிச் சிக்கி இயங்கும். ஏ.பி.எஸ். ஒயர் பழைய வழியிலேயே செல்கிறதா, ஹேண்டிலை முழுவதும் திருப்பும்போது எதுவும் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்த்துத் திருத்துதல்

முன்பு அளந்ததுபோலவே அமிழ்வை மீண்டும் அளங்கள். 38 மி.மீ. வருகிறது, 33 வேண்டும் என்றால் ஸ்பேசரை 5 மி.மீ. நீளமாக்க வேண்டும். பிறகு நன்கு பழகிய, நல்ல பகுதியும் மோசமான பகுதியும் கலந்த ஒரே சாலையைத் தேர்ந்து, எப்போதும் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

பள்ளம் கடந்ததும் முன்பக்கம் இருமுறை துள்ளினால் எழும்பும் அசைவுக்கு எதிர்ப்புப் போதவில்லை. ஆயிலை ஒரு படி கெட்டியாக்கலாம். அடுத்தடுத்த மேடுபள்ளங்களில் முன்பக்கம் எழும்ப நேரமின்றிப் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போய் இறுகினால் ஆயில் மிகக் கெட்டி. எமுலேட்டர் உள்ளவர்கள், கூர்மையான அடி கைக்கு வந்தால் வால்வின் சிறு ஸ்பிரிங்கை அரைச் சுற்று தளர்த்தலாம்; கேப்பைத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்து, கொக்கி வளைத்த கம்பியால் வால்வை வெளியே எடுக்க முடியும். வண்டியின் முன்பக்கம் தூக்கப்பட்டிருந்தால் இதற்காக ஃபோர்க்கைக் கழற்ற வேண்டியதில்லை.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாப் போல்ட்டுகளிலும் மீண்டும் டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். பைப்பை ஒரு வெள்ளைத் தாளால் துடையுங்கள். புதுச் சீலில் முதல் நாள் மெல்லிய ஈரம் தெரிவது இயல்பு, இரண்டாம் வாரத்திலும் வளையமாக ஆயில் தெரிந்தால் அது கசிவு.

கடைசியாக, ஒரு கேபிள் டையைப் பைப்பைச் சுற்றி டஸ்ட் சீலை ஒட்டி, நழுவும் அளவுக்குத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஃபோர்க் எவ்வளவு அமிழ்ந்ததோ அவ்வளவு உயரத்தில் அது நின்றுவிடும். ஒரு நாள் முழுக்க, சில கடுமையான பிரேக்குகளும் உட்பட ஓட்டியபின், அந்தப் பட்டை சீலிலிருந்து 95 முதல் 100 மி.மீ. உயரத்தில் நின்றால் அசைவு சரியாகப் பயன்படுகிறது. 110ஐத் தொட்டுவிட்டது என்றால் கேப்பைத் திறந்து ஒவ்வொரு காலிலும் 10 மி.லி. ஆயிலைச் சேருங்கள், ஏர் கேப் 10 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். 80ஐயே தாண்டவில்லை என்றால் அதே அளவை உறிஞ்சி எடுத்துவிட்டு, பட்டையை மீண்டும் சீல்வரை இறக்கிவைத்து, மறுநாள் அதே சாலைக்குச் செல்லுங்கள்.